மகரந்தம் எங்கே போயிற்று? – வாசகர் கேள்வி பதில்

பூக்களையும் அவற்றை நாடி வரும் தேனீ, வண்ணத்துப்பூச்சி, பறவை, வௌவால் ஆகியவற்றையும் பற்றிய ஆவணப்படங்களை வீட்டில் பார்ப்பது குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் 43 அங்குல 4கே தொலைக்காட்சி இருக்கிறது. ஓடிடி தளம் ஒன்றில் மகரந்தச்சேர்க்கை பற்றிய படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். மலை, காடு, தனியாக நிற்கும் பூ ஆகியவை வரும் இடங்களில் படம் மிகத் தெளிவாக இருந்தது. தேனீ பூவுக்குள் புரண்டு எழுந்து மகரந்தத்தை உதறும் இடத்தில் மட்டும் கட்டங்கட்டமாக உடைந்து கலங்கிவிட்டது. தேன்பெட்டி வைத்துப் பிழைக்கும் எங்களுக்கு அந்த இடம்தானே முக்கியம்! பேனலில் குறை என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றத்தான் வேண்டுமா?
– தேனீ வளர்ப்பாளர், குலசேகரம்

பதில்: மாற்ற வேண்டாம். பேனலில் குறை இருந்தால் மலையும் காடும் வரும்போதும் அது தெரிந்திருக்கும். நீங்கள் கண்டது காணொளியைச் சுருக்குவதால் வரும் குறை, அது படம் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே நேர்ந்துவிட்டது.

முழு ஹெச்.டி. படத்தின் ஒரு சட்டகத்தில் (அசையும் படத்தை உருவாக்கும் தனித்தனி நிலைப்படங்களில் ஒன்றில்) 1920 × 1080 புள்ளிகள், அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் எதையும் சுருக்காமல் அனுப்புவதானால் ஏறக்குறைய 1,200 மெகாபிட் தரவு தேவைப்படும். ப்ளூ-ரே வட்டில் படத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ள உச்ச அளவு நொடிக்கு 40 மெகாபிட். இணையவழியில் ஹெச்.டி. படம் ஏறத்தாழ 5 மெகாபிட்டிலும், 4கே படம் 15 மெகாபிட் அளவிலும் வந்து சேருகிறது. 4கே சட்டகத்தில் ஹெச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருந்தும், இணையவழி 4கே-க்குக் கிடைக்கும் தரவு ப்ளூ-ரேயின் உச்ச அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். புதிய சுருக்க முறைகள் பழையவற்றைவிடத் திறமையானவை என்பதால் பெரும்பாலான படங்களில் இந்தப் பற்றாக்குறை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்தச் சுருக்கம் நடக்கும் முறைதான் உங்கள் கேள்விக்கு விடை. முந்தைய சட்டகத்தில் இருந்ததே இந்தச் சட்டகத்திலும் இருந்தால் அதை மீண்டும் எழுதாமல், எது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வது அதன் அடிப்படை. அசையாத மலைக்கு இது போதும். கேமரா மெல்லத் திரும்பினாலும் போதும். ஆனால் உதறிய மகரந்தத்தில் ஒவ்வொரு துகளும் தனித்தனித் திசையில் பறக்கிறது, அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று முந்தைய சட்டகத்தை வைத்து ஊகிக்க முடியாது. தேனீயின் உடலெங்கும் இருக்கும் மயிர், பின்னால் காற்றில் ஆடும் இலைகள், அடிக்கும் சிறகு எல்லாம் ஒரே நேரத்தில் சேரும்போது, இருக்கும் தரவு போதாமல் நுண்மையான விவரங்களே முதலில் கைவிடப்படுகின்றன. கட்டங்கள் தெரிவது அப்போதுதான். பெரிய யானையைக் காட்டும் படம் இந்த நெருக்கடியிலிருந்து தப்பிவிடும்; மகரந்தச்சேர்க்கைப் படத்தில் எதைக் காட்டவே படம் எடுத்தார்களோ அதுவே பலியாகிறது. ஆகவே இவ்வகைப் படத்துக்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘4கே’ என்ற எழுத்தைவிட, நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்ற கணக்கே முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் தொலைக்காட்சியிலும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. பட அமைப்புகளுக்குள் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்று ஒன்று இருக்கும். இருட்டில் எடுத்த படங்களில் மினுக்கும் புள்ளிகளை அழிப்பதற்காக வைத்தது அது. அங்குமிங்கும் மினுக்கும் சிறு புள்ளி கேமராவின் இரைச்சலா, பூவிலிருந்து கிளம்பிய மகரந்தமா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதை முழுவதும் அணைத்துவிட்டு, ‘விவிட்’ நிலையை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையை வையுங்கள். ‘ஷார்ப்னெஸ்’ அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது கூட்டும் கூர்மை பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி வரையும் வெள்ளைக்கோடு மட்டுமே. பிறகு அதே காட்சியைப் பாருங்கள். கட்டங்கள் அடியோடு மறையாது. தேனீயின் பின்னங்காலில் மகரந்தம் உருண்டு சேரும் கூடையாவது தெளிவாகத் தெரியும்.

இணைய இணைப்பும் இதில் சேர்ந்ததுதான். வேகம் குறையும்போது தளம் உங்களிடம் சொல்லாமலேயே குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் கைப்பேசியோடு இருக்கும் இரவு எட்டு மணிக்குப் பார்த்ததை ஒருநாள் அதிகாலையில் பார்த்தால் வேறுபாடு தெரியலாம். வைஃபையை விட்டுவிட்டுக் கம்பி வழியாகத் தொலைக்காட்சியை இணைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: 43 அங்குலத்தை விற்றுவிட்டு 55 அங்குலம் வாங்கினால் விவரம் கூடுமா? நாங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்போம்.
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: 43 அங்குலத் திரையில் ஹெச்.டி.க்கும் 4கே-க்கும் உள்ள வேறுபாட்டை இயல்பான கண்பார்வை உடையவர் பிரித்தறிய ஏறக்குறைய ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். 55 அங்குலத்துக்கு அது ஏழடியாகும். பத்தடியில் எந்தத் திரையிலும் அந்த வேறுபாடு தெரியாது. நாற்காலியை முன்னால் நகர்த்துங்கள், செலவில்லை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ‘விங்ஸ் ஆஃப் லைஃப்’ என்ற படத்தின் ப்ளூ-ரே, டி.வி.டி. இரண்டையும் வாங்கி வந்தான். இங்கே உள்ள ஒரு பிளேயரிலும் டி.வி.டி. ஓடவில்லை. ப்ளூ-ரேயும் இப்படித்தான் ஆகுமோ என்று அஞ்சுகிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

பதில்: லூயி ஷ்வார்ட்ஸ்பெர்க் இயக்கிய அந்தப் படத்துக்கு, பூவே பேசுவதுபோல் மெரில் ஸ்ட்ரீப் குரல் கொடுத்திருக்கிறார், அமெரிக்காவில் 2013-இல் வட்டாக வெளிவந்தது. உங்களுக்கு வந்த சிக்கல் மண்டலப் பூட்டைச் சேர்ந்தது. டி.வி.டி.யில் அமெரிக்கா 1-ஆம் மண்டலம், இந்தியா 5-ஆம் மண்டலம். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’, இந்தியா ‘சி’. மண்டலப் பூட்டு இட்ட வட்டை வேறு மண்டலத்துப் பிளேயர் ஏற்காது. பூட்டு இடாமலே வெளிவரும் ப்ளூ-ரே வட்டுகளும் உண்டு; எனவே உறையின் பின்புறத்தில் ‘ஏ’, ‘பி’, ‘சி’ எழுத்துகள் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓடினால் ப்ளூ-ரேயையே பாருங்கள், டி.வி.டி.க்காக வருந்த வேண்டாம். அமெரிக்க டி.வி.டி.யின் சட்டகம் 720 × 480 புள்ளிகள்தான். ஒரு வண்ணத்துப்பூச்சிச் சிறகின் செதில்களைக் காட்ட அது போதாது. இந்தியாவில் வழங்கும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை டி.வி.டி.களில் வேறொரு சங்கடம் உண்டு. நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த திரைப்படத்தை அவற்றில் பெரும்பாலும் 25 ஆக ஓட்டுவார்கள். அதனால் 90 நிமிடப் படம் ஏறக்குறைய 86 நிமிடத்தில் முடியும். குரலும் சற்றே உச்சத்துக்கு ஏறும்.

வட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவும். தடத்தின் வழியே நீளமாக விழும் கீறலை ஈடுகட்டுவது பிளேயருக்குக் கடினம்.

கேள்வி: எங்கள் முற்றத்துச் செம்பருத்தியில் இதழின் நரம்புகூடத் தெரிகிறது. படத்தில் வரும் சிவப்புப் பூக்களோ பெயின்ட் ஊற்றியதுபோல் ஒரே பரப்பாக இருக்கின்றன. மஞ்சள் பூக்களில் இப்படி இல்லை. ஏன்?
– நாகர்கோவில் வாசகி

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இக்குறை பலர் கண்ணில் படுவதில்லை.

வீட்டுக்கு வரும் எல்லாக் காணொளிகளிலும் வெளிச்சத்தின் அளவு முழுத் துல்லியத்தோடும், நிறம் அதில் நான்கில் ஒரு பங்குத் துல்லியத்தோடும் பதிவாகின்றன. மனிதக் கண்ணுக்கு நிறத்தின் நுண்மையைவிட வெளிச்சத்தின் நுண்மையே நன்றாகப் புலப்படும் என்பதால் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. 1080 வரிசை ப்ளூ-ரேயில் நிறத்துக்கு உள்ளது 960 × 540 புள்ளிகள், பால் டி.வி.டி.யில் வெறும் 360 × 288. மேலும், வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறக்குறைய 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்துக்கு 7 விழுக்காடும் எடை தருகிறார்கள். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதன் நரம்பும் மடிப்பும் வெளிச்சப் பதிவிலேயே வந்துவிடுகின்றன. கடும் சிவப்பின் விவரமோ பெரும்பாலும் நிறப் பதிவையே நம்பியிருக்கிறது, அது ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டது. ‘விவிட்’ நிலையில் நிறத்தையும் ஏற்றிவிட்டால் சிவப்பு அதன் உச்சத்தைத் தொட்டு, மீதமிருந்த வேறுபாடுகளும் ஒன்றாகிவிடும். நிறத்தின் அளவைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். 4கே பதிவின் நிறப்பகுதி 1920 × 1080 புள்ளிகள் கொண்டது, ஆதலால் அதை ஹெச்.டி. தொலைக்காட்சியில் பார்த்தாலும் சிவப்பு ஓரளவு தேறும்.

இதையொட்டி ஒரு செய்தி: தேனீக்குச் சிவப்பு தெரியாது, புறஊதா தெரியும். படங்களில் ‘தேனீயின் கண்ணுக்குத் தெரிவது’ என்று நீலமும் வெள்ளையுமாகக் காட்டும் காட்சிகளில் உள்ள நிறங்கள், புறஊதாவைப் பதிவு செய்து நமக்குத் தெரியும் நிறமாக மாற்றித் தீட்டியவை. அந்த இடத்தில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று உங்கள் தொலைக்காட்சியைச் சோதிப்பதில் பொருளில்லை.

கேள்வி: சிறகடிப்பை மெதுவாகக் காட்டும்போது படத்தில் புள்ளிபுள்ளியாக மணல் தெரிகிறதே? தேனீயின் ரீங்காரமும் அதே நேரத்தில் கேட்கிறது. மெதுவாக ஓட்டினால் ஒலியும் தாழ வேண்டாமா?
– கல்லூரி மாணவர், குளச்சல்

பதில்: தாழத்தான் வேண்டும். அப்படிக் கேட்கவில்லை என்றால் ஒலியைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். மிகை வேகக் காட்சிகளில் இது வழக்கமே.

தேனீ நொடிக்கு 230 தடவை போலச் சிறகடிக்கிறது. 24 சட்டகத்தில் எடுத்தால் ஒரு சட்டகத்துக்குள் ஒன்பது பத்துச் சிறகடிப்புகள் அடங்கிப்போகும். நொடிக்கு 1,000 சட்டகம் எடுத்தால் ஒரு நொடி நிகழ்ச்சி 40 நொடிக்கு மேல் ஓடும். ஒரு சிறகடிப்புக்கு நான்கு சட்டகம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான வெளிச்சமே கிட்டும். பூவை அருகிலிருந்து எடுக்கும் லென்ஸுக்கு அதிலும் குறையும். அந்தப் பற்றாக்குறையை மின்னணு முறையில் பெருக்கும்போது உண்டாவதே நீங்கள் சொல்லும் மணல். அது தாறுமாறாக மாறுவதால், சுருக்க முறைக்கு மகரந்தத்தைப் போலவே தொல்லை தரும்.

‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற அமைப்பை அணைத்து வையுங்கள். இரண்டு சட்டகங்களுக்கு இடையில் இல்லாத சட்டகத்தைத் தானே கற்பனை செய்து செருகும் அது, சிறகின் ஓரத்தில் இல்லாத சிறகு ஒன்றையும் வரைந்துவிடும். சிறகடிப்பு என்றதும் இன்னொன்று: படத்தில் ஒரே இடத்தில் நின்று பறந்தபடி தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் வீட்டு வாழைப்பூவில் அமர்ந்து குடிப்பது தேன்சிட்டு. உறவில்லாத வேறு குடும்பம்.

கேள்வி: 1.5 ஜிபி அளவில் 4கே பிரதி என்று பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். வாங்கலாமா?
– திருவட்டாறு வாசகர்

பதில்: ஒன்றரை மணி நேரப் படம் 1.5 ஜிபிக்குள் இருந்தால் நொடிக்கு 2.2 மெகாபிட்டுக்கு மேல் வராது. அது 4கே என்பது பெயருக்குத்தான். உரிமை பெறாத பிரதி என்பது வேறு. வாங்க வேண்டாம்.

கேள்வி: தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வருவோருக்கு ஓர் ஆவணப்படத்தையும், நோய் தாக்கிய அடைகளின் காணொளியையும் மண்டபத்தில் போட்டுக் காட்ட விரும்புகிறோம். குறைந்த விலைப் புரொஜெக்டர் ஒன்றில் ‘1080பி ஆதரவு’ என்று போட்டிருக்கிறது. போதுமா?
– பயிற்சி நடத்துவோர், மார்த்தாண்டம்

பதில்: ‘ஆதரவு’ என்றால் 1080 வரிசைப் படத்தை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள், சுவரில் விழுவது அதன் சொந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விவரக்குறிப்பில் ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 854 × 480 அல்லது 1280 × 720 என்று இருந்தால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எட்டடித் திரையில் 480 வரிசைப் படத்தைப் பெரிதாக்கினால் தேனீ பெரிதாகும், அதன் கால் தெளிவாகாது.

ஆவணப்படத்தைவிட நோய்க் காட்சிக்கே நான் அதிகம் கவலைப்படுவேன். 1991-92-இல் தென்னிந்தியாவில் தேன்பெட்டிகளைக் காலி செய்த ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற தேனீப் புழு நோயில் புழுவின் நிறமே முதல் அடையாளம்: முத்துப்போல் வெண்மையாக இருக்க வேண்டிய புழு மஞ்சளித்துப் பழுப்பாகும், தலைப்பகுதி நிமிர்ந்து நிற்கும். மலிவான புரொஜெக்டர்களின் ‘பிரைட்’ நிலை படம் முழுவதிலும் ஒரு பச்சைச் சாயலை ஏற்றிவிடுவதுண்டு. அதில் நலமான புழுவும் நோயுற்றதாகத் தெரியும்; நோயுற்றது மற்றவற்றோடு கலந்துபோகும். ‘சினிமா’ நிலையில் வைத்து, முதலில் ஒரு வெள்ளைத்தாளின் படத்தைத் திரையில் காட்டிச் சாயல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் திரை எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அதுவே படத்தின் கறுப்பு. எனவே பொழுது சாய்ந்த பிறகு காட்டுங்கள். ரப்பர் தளிர்க்கும் தை, மாசி மாதங்களில் பயிற்சி வைத்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது: நம் மாவட்டத்தில் ரப்பர்த்தேன் பூவிலிருந்து வருவதில்லை, மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் சுரக்கும் மதுவிலிருந்தே வருகிறது. எந்த ஆவணப்படத்திலும் இதைத் தேட வேண்டாம். காலையில் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ஒரு தளிரை ஒடித்துக் கையில் கொடுத்தால் போதும், மாலைக்குப் புரொஜெக்டரை வைத்துக்கொள்ளலாம்.