கைம் என்றொரு ஆயுதம்

அன்புள்ள ஐயா,

அரிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வருகிறேன். 1808-ஆம் ஆண்டு 'எடின்பரோ ரிவ்யூ' இதழில், இந்துக்கள் கைகளில் 'கைம்'களைக் குத்திக்கொள்வதாக ஒரு வரி இருக்கிறது. கையில் குத்துவதால் இது நம் 'கை'யிலிருந்து பிறந்த சொல்தானே? 'டோர்ட்' என்பதற்கும் பொருள் வேண்டும்.

கல்லூரி மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது, ஆராய்ச்சி பிடிக்கவில்லை. ஒலி ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடிவிடுவதா? கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனதற்குக் கடலும் வணிகமும் சாட்சி. 'கைம்' எங்கிருந்தும் போகவில்லை. கத்திகள் என்று பொருள்படும் 'நைவ்ஸ்' என்ற சொல்லின் அச்சுப்பிழை அது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து 'கே'. அடுத்து வரும் என், ஐ, வி மூன்றும் கையெழுத்தில் வெறும் கோடுகள். அவற்றையே ஐ, எம் என்றும் படிக்கலாம். எழுதியவர் சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார். மைப்புட்டியிலிருந்து தப்பிய எறும்புகள் காலைத் துடைக்காமல் தாளில் நடந்ததுபோல இருக்கும் தன் எழுத்து என்று அவரே கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1886-இல் மொழியறிஞர் ஸ்கீட் இத்தகையவற்றுக்குப் பேய்ச்சொற்கள் என்று பெயர் வைத்தபோது இதையும் சேர்த்துக்கொண்டார்.

டோர்ட்? அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் 'பெரிய டி அல்லது சின்ன டி' என்று எழுதிய குறிப்பை, அதாவது ஆங்கிலத்தில் 'டி ஆர் டி' என்பதை, ஒரே சொல்லாகப் படித்து, 'அடர்த்தி' என்ற பொருளோடு 1934 வெப்ஸ்டர் அகராதியில் ஏற்றிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

நான் மெய்ப்புப் பார்த்த காலத்தில், ஒரு சமையல் புத்தகத்தில் 'கரண்டியால் கிளறவும்' என்பது 'கரடியால் கிளறவும்' என்று அச்சாகிவிட்டது. எந்த இல்லத்தரசியும் கரடியைத் தேடவில்லை, சிரித்துவிட்டுச் சமைத்தார்கள். அதே வரி தூரதேசத்துப் பழக்கங்களைப் பற்றிய நூலில் வந்திருந்தால்? 'ஓகோ, அங்கே அப்படித்தான் போலிருக்கிறது' என்று நம்பியிருப்போம். 'கைம்' சில காலம் புழங்கியதும் இப்படித்தான் என்பது என் கட்சி. லண்டன்காரர் கையில் இருந்திருந்தால் அன்றே பிழை என்று பிடித்திருப்பார்கள். இந்துவின் கையில் எதுவும் இருக்கலாம் அல்லவா?

அவர்களை விடுங்கள். அலகு குத்தும் ஊரில் பிறந்தவர் நீங்கள். எந்தத் திருவிழாவிலாவது 'கைம்' பார்த்தீர்களா? உங்கள் கண்ணைவிட ஆங்கில அச்சு எப்படிப் பெரிதாகிவிட்டது? கோபத்தில்தான் கேட்கிறேன், ஆனால் உங்கள் வயதில் இப்படித் தேடுகிறவர்கள் குறைவு என்பதும் தெரியும்.

மற்ற சொற்களையும் அனுப்புங்கள். வேர்ச்சொல் விளக்கம் மட்டும் வேண்டாம்.