நாலு டிராக் டேப்புல ஏழு சத்தம்: ஜால்ராவ கடைசிக்கு வைங்க

சுங்கை சிப்புட்டுலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: மாமா வீட்டுல கிடந்த நாலு டிராக் கேசட் மெஷின்ல (ஒரே டேப்புல நாலு சத்தத்த தனித்தனி வரிசையா, அதாவது டிராக்கா, பதியுற மெஷின்) தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு பாட்டு பதியுறாங்களாம், ஜால்ரா உறுமி ஆர்மோனியம் மூணையும் முதல்ல பதிஞ்சு நாலாவது டிராக்குக்கு மாத்தி, அத இன்னொரு தடவையும் மாத்தினதுல ஜால்ரா செத்துப்போயி ஸ்ஸுன்னு இரைச்சல் ஏறிடுச்சாம்.

தம்பி, மெஷின குறை சொல்லாதீங்க, வரிசைதான் தப்பு. டேப்புல இருக்கறத இன்னொரு டிராக்குக்கு மாத்துற ஒவ்வொரு தடவையும் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் சத்தம், கொஞ்சம் தேயும், பழைய இரைச்சல் மேல புது இரைச்சல் சேரும். ஜால்ராவோட உயிரே அந்த "சிங்"குங்கற நுனியிலதான் இருக்கு, ரெண்டு தடவ மாத்தினா தகர டப்பாவ தட்டுன மாதிரி ஆயிடும். உறுமில குச்சிய தோல்ல தேய்க்கும்போது வருமே ஒரு அடித்தொண்டை முனகல், அது கொஞ்சம் தேஞ்சாலும் தாங்கும்.

அதனால இப்படி போங்க. ஒண்ணுல தபேலா, ரெண்டுல உறுமி, மூணுல ஆர்மோனியம். இந்த மூணையும் நாலுக்கு மாத்தும்போதே கோரஸ் பாடுறவங்கள மைக் முன்னாடி நிக்க வச்சு கூடவே பாட விடுங்க, எல்லாரும் ஹெட்போன் போட்டுக்கணும், இல்லன்னா ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போயிடும். கோரஸ் அப்பதான் முதல் தடவையா டேப்புல ஏறுது, அதனால தேயாது. இப்ப மூணு டிராக் காலி: புல்லாங்குழல், ஜால்ரா, கடைசியா மெயின் குரல். ஏழு சத்தம் ஆச்சு, மாத்துனது ஒரே தடவ.

ஒண்ணு மட்டும் கவனம். நாலுல கலந்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. பழைய மூணு டிராக் மேல புதுசா பதியுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வந்து மறுபடி கேளுங்க. ஆர்மோனியமும் குரலும் ஒரே இடத்துல முட்டிக்கும், அதனால ஆர்மோனியத்த உங்களுக்கு சரின்னு படுறதவிட ஒரு படி குறைச்சு, தபேலாவ ஒரு படி ஏத்தி கலந்து வைங்க. நான் இத கத்துக்கறதுக்குள்ள நல்ல நல்ல பாட்டெல்லாம் கெட்டுப்போச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

டேப் ஓடுற வேகத்த மாத்துற பிட்ச் குமிழ நடுவுல விட்டுட்டு தொடவே தொடாதீங்க, ஆர்மோனியத்தயும் குழலயும் அப்புறம் சுருதி மாத்த முடியாது, தபேலாவத்தான் ஆர்மோனியத்துக்கு சேர்க்கணும்.

கேசட் டைப் 2 குரோம், 60 நிமிஷம் போதும், 90, 120 எல்லாம் மெல்லிசு டேப்பு. 1979-ல டியாக் கம்பெனி கொண்டு வந்த போர்ட்டாஸ்டூடியோ 144 மாதிரி டபுள் ஸ்பீடு மெஷினா இருந்தா, நாலு டிராக்கும் ஒரே பக்கமா ஓடி 15 நிமிஷத்துல முடிஞ்சிரும், திருப்பிப் போட்டு பதியாதீங்க, பதிஞ்சது அழிஞ்சிரும்.

பதியுறதுக்கு முன்னாடி ஐசோபுரொப்பில் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு, டேப்பு உரசிப் போற ஹெட்ட துடைங்க, பஞ்சுல பழுப்பு ஒட்டாம வர்ற வரைக்கும். நம்ம ஊர் ஈரத்துக்கு பழைய கேசட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கும், வெள்ளையா தெரிஞ்சா அத மெஷின்ல போடவே வேணாம். தகரக் கூரைன்னா மழை விட்டப்புறம் குரல் பதியுங்க, காத்தாடிய நிப்பாட்டிட்டு.