கேள்வி பதில்: வேலூர் பக்கத்துப் பழத்தோட்டத்துக்குச் சொட்டுநீர் கட்டுப்படியாகுமா?

கே.வி.குப்பம்: அண்ணா, 2 ஏக்கர் மாங்கொல்லை, 5 மீட்டர் இடைவெளியில் நட்டிருக்கிறேன். விவசாயக் கரண்ட் இலவசம்தான். அப்புறம் சொட்டுநீர் போட்டு எனக்கு என்ன மிச்சம்?

கரண்ட்டில் ஒன்றும் மிச்சமில்லை தம்பி. நம் பக்கம் கணக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும். உங்கள் இடைவெளிக்கு ஏக்கருக்கு 160 மரம். மரத்துக்கு, மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் (சொட்டுவான்) இரண்டு வைத்தால் ஏக்கருக்கு மணிக்கு 1,280 லிட்டர். அதாவது, மணிக்கு 3,000 லிட்டர் தரும் சின்ன போர்வெல்லே இரண்டு ஏக்கரையும் ஒரே சமயத்தில் நனைத்துவிடும். அதையே வாய்க்காலில் விட்டுப் பாருங்கள், கடைசி மரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியை மண்ணே குடித்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று இங்கே எல்லோரும் அடுத்த போருக்குத்தான் ஓடுகிறார்கள். தண்ணீர் வராமல் பாறையில் புகை மட்டும் வந்தால் போட்ட பணம் போனதுதான். இரண்டாவது போருக்கு முன்னால் சொட்டுநீர் போடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மரத்தடி மட்டும் நனைவதால் களை வெட்டும் கூலியும் குறையும்.

அணைக்கட்டு: மானியம் முழுசாகக் கிடைக்குமா ஐயா?

5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஆனால் அரசு வகுத்த தொகைக்கு மேல் போகும் செலவு நம் கையைவிட்டுத்தான். சிட்டா, அடங்கல், ஆதார், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்றோடு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க 7 வருடம் ஆகும், அதனால் குழாயைப் பத்திரமாகப் பாருங்கள்.

பேரணாம்பட்டு: எங்கள் தண்ணீர் உப்பு. டிரிப்பரில் வெள்ளையாகப் படிகிறது.

முதல் மரத்தடியிலும் கடைசி மரத்தடியிலும் ஒரு பாத்திரம் வையுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் கால் மணி நேரத்தில் 1 லிட்டர் தர வேண்டும். குறைந்தால் அடைப்பு. லேட்டரல் (டிரிப்பர் மாட்டிய பக்கக் குழாய்) முனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள், ஃபில்டரைத் துலக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் குழாயில் ஆசிட் கலந்த தண்ணீர் விட வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. அளவை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடியாத்தம்: சொட்டுநீர் போட்டும் மாமரத்தில் பூ குறைவு அண்ணா. ஏன்?

வருடம் முழுக்கத் தண்ணீர் விடுகிறீர்களா? அப்படியானால் மரம் தளிர்தான் விடும், பூ விடாது. காய் இல்லாத கொல்லையில் எந்த மானியமும் லாபமாகாது. பூ வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே காய வைத்துவிடுங்கள். காய் பிடித்து பட்டாணி அளவு ஆன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வால்வைத் திறந்துவிடுங்கள்.