கொக்கு ஏன் வெள்ளைத் திட்டாக விழுகிறது?

கேள்வி: வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறேன். கையில் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ். படங்கள் கலங்கலாக வருகின்றன. கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு, பறப்பதெல்லாம் கருநிழல். தொலைவில் இருப்பதை இன்னும் பெரிதாகக் காட்டும் 150-600 வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பியதில் அந்த நெடுங்கால் உள்ளான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்த நேரம் காலை 10.40. சிவந்த கால்கள் இரண்டும் நெளிந்து தெரிகின்றன, பக்கத்துக் கோரையும் அப்படியே நெளிகிறது. கை ஆடியிருந்தால் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். இது கானல். வெயில் ஏறினால் தார்ச் சாலை மீதும் சதுப்பு மீதும் சூடான காற்று எழும்பி ஆடும். அதன் வழியாக 600-ஐ வைத்துப் பார்த்தால் நெளிசலும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். காலை 6 மணிக்கே அங்கே இருங்கள். எட்டரைக்குக் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போகலாம். மேகமூட்டமான நாளென்றால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

அடுத்தது, நிற்கும் இடம். சதுப்பின் ஊடே செல்லும் துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் சற்றுத் தெற்கே தள்ளி உதிக்கும். ஆகவே காலையில் வடக்கே பார்த்து எடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். உங்கள் கருநிழல் படங்கள் பெரும்பாலும் தெற்கே பார்த்து எடுத்தவையாக இருக்கும். (லாரிகள் பறக்கும் சாலை அது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நகராதீர்கள்.)

சரி, கேமராவுக்கு வருவோம். உங்கள் ஷட்டர் வேகம் 1/250 நொடி. நின்று மேயும் பறவைக்கே 300-இல் 1/800 வேண்டும், பறப்பதற்கு 1/2000. அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் விழும் நுண்புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், அசைந்துபோன படத்தைத் தேற்றுவது கடினம். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஃபோகஸை, பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேனனில் அது ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி.

கொக்கு விஷயம் வேறு. சுற்றிலும் கருந்தண்ணீர் இருக்க, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பறவை. காட்சி மொத்தமும் இருட்டு என்று கேமரா கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் வரிகள் போய்விடும். கேமரா போடும் வெளிச்சக் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 1-இல் வையுங்கள். வெளுத்த வானத்தில் நத்தைகுத்தி நாரை பறந்தால் அதற்கு நேர்மாறாகப் ப்ளஸ் 1. இதை மாற்ற மறந்து நானே ஒரு காலைப் பொழுது முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவை உடனே திறந்தால் லென்ஸில் பனி படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும்.

நெருங்குவதற்காக வேலி தாண்டாதீர்கள், அது காப்புக்காடு. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளான்களை விரட்டி எழுப்பினால் அவை தின்று சேர்த்த கொழுப்பு வீணாகும். இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் பல நேரம் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும்.

இதெல்லாம் செய்த பிறகும் பறவை சிறியதாகவே விழுந்தால், குறிப்பாக வேடந்தாங்கல் கரையிலிருந்து கடம்ப மரக் கூடுகளை எடுக்க, 150-600 உதவும். எடை ஏறக்குறைய 2 கிலோ. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.