நட்பு வேறு, பீப்பாய்க் கணக்கு வேறு

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த பைடன் 2022 ஜூலையில் ஜெட்டாவுக்கே நேரில் போனார். மூன்றே மாதத்தில் சவூதி அரேபியா எண்ணெய் உற்பத்தியைக் குறைத்துவிட்டது. இத்தனை காலம் பாதுகாப்புக் கொடுத்த நாட்டுக்குச் செய்த துரோகம் இல்லையா இது? உக்ரைன் போரில் ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், தேனி

பதில்: துரோகமும் இல்லை, ரஷ்யாவின் பக்கம் சாய்ந்ததும் இல்லை. அமெரிக்க அரசியல்வாதிகள் கோபத்தில் வீசிய சொற்களை நம் ஊடகங்கள் அப்படியே எடுத்துப் போட்டன. நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால் அதே அமெரிக்கா சவூதியிடம் என்ன கேட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச். கொரோனாவில் உலகம் முடங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வியன்னாவில் கூடியது. அந்த நாடுகள் உற்பத்தியை இன்னும் குறைப்போம் என்றபோது, கூட்டாளியான ரஷ்யா முடியாது என்று எழுந்துவிட்டது. பதிலுக்குச் சவூதி குழாயை முழுதாகத் திறந்து, விலையையும் குறைத்து விற்றது. வாங்க ஆளில்லாத சந்தையில் எண்ணெய் வெள்ளமாகப் பாய்ந்ததும், டெக்சாஸிலும் வடக்கு டகோட்டாவிலும் பாறையைப் பிளந்து ஷேல் எண்ணெய் எடுக்கும் அமெரிக்க நிறுவனங்கள் மூழ்கத் தொடங்கின. உடனே அதிபர் டிரம்ப் ரியாத்துக்கும் மாஸ்கோவுக்கும் மாறி மாறித் தொலைபேசியில் பேசினார். உற்பத்தியைக் குறையுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஏப்ரல் 12 அன்று ஒபெக் நாடுகளும் ரஷ்யா உள்ளிட்ட கூட்டாளிகளும் நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்க ஒப்புக்கொண்டன. அதுவரை அவ்வளவு பெரிய குறைப்பு நடந்ததே இல்லை. தன் பங்காக 4 லட்சம் பீப்பாய் குறைக்கச் சொன்னபோது மெக்சிகோ 1 லட்சத்துக்கு மேல் முடியாது என்று முரண்டு பிடித்தது. மிச்சத்தை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று டிரம்பே இடையில் புகுந்து பேரத்தை முடித்துவைத்தார். ஒபெக் குறைப்புக்கு அமெரிக்க அதிபர் தரகு பேசியதை அன்றைக்கு உலகமே பார்த்தது.

அதே டிரம்ப் 2025 ஜனவரியில் மறுபடி பதவிக்கு வந்த சில நாட்களில், டாவோஸ் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் காணொளி வழியே பேசினார். எண்ணெய் விலையைக் குறைக்கும்படி சவூதியையும் ஒபெக்கையும் கேட்கப்போவதாகச் சொன்னார். ஐந்தே ஆண்டில் கோரிக்கை தலைகீழாகிவிட்டது. இதற்காக டிரம்பை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அமெரிக்கா உலகின் மிகப் பெரிய எண்ணெய் உற்பத்தியாளர். மிகப் பெரிய நுகர்வோரும் அதுவே. விலை சரிந்தால் டெக்சாஸ் அழும், ஏறினால் மற்ற மாநிலங்களின் வாக்காளர் கோபப்படுவார். இரண்டு குரலும் வெள்ளை மாளிகையிலிருந்துதான் வரும். எது எந்த ஆண்டு ஒலிக்கும் என்பதைத் தேர்தல் தீர்மானிக்கும்.

இப்போது 2022-க்கு வருகிறேன். உக்ரைன் போர் தொடங்கியதும் பீப்பாய் 120 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் ஜூன் மாதம் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் சராசரியாக 5 டாலரைத் தொட்டது. தன் அவசரகாலச் சேமிப்பிலிருந்து 18 கோடி பீப்பாயைச் சந்தையில் இறக்க பைடன் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தார். அது போதவில்லை. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018-ல் இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டதைச் சொல்லி, சவூதியை உலகம் ஒதுக்கும்படி செய்வேன் என்று தேர்தல் மேடையில் பேசியவர் அவர். அவரே ஜெட்டாவுக்குப் போய்ச் சவூதிப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் முஷ்டியோடு முஷ்டி தட்டிக்கொண்டார். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கொல்லப்பட்ட ஒரு பத்திரிகையாளனின் நியாயம் பெட்ரோல் விலையிடம் தோற்றுப்போனதை, இதே தொழிலில் இருக்கும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

அக்டோபர் 5 அன்று, ஒபெக்கும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும் சேர்ந்த ஒபெக் பிளஸ் நாடுகள் நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தன. காகிதத்தில்தான் 20 லட்சம். நைஜீரியா, அங்கோலா போன்றவை தங்கள் உற்பத்தி ஒதுக்கீட்டையே எட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்ததால், உண்மையில் குறையக்கூடியது ஏறக்குறைய அதில் பாதி. விலை அதற்குள் 90 டாலருக்குக் கீழே இறங்கியிருந்தது; வட்டி உயர்வால் பொருளாதாரம் மந்தமாகும், தேவை சரியும் என்று சவூதி காரணம் சொன்னது. பின்விளைவுகள் இருக்கும் என்று பைடன் எச்சரித்தார். அடுத்த வாரமே சவூதி வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. முடிவை ஒரு மாதம் தள்ளிப்போடும்படி அமெரிக்கா கேட்டதாக அதில் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல் நவம்பர் 8 அன்று நடக்க இருந்தது. அந்த ஒரு மாதத்தில் உக்ரைனுக்கு என்ன கிடைத்திருக்கும், வாக்குச்சாவடிக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

எச்சரித்த பின்விளைவு என்ன ஆயிற்று? நவம்பர் நடுவில், கஷோகி கொலை தொடர்பாக அமெரிக்க நீதிமன்றத்தில் இளவரசர் மீது போடப்பட்டிருந்த வழக்கில், அரசுத் தலைவருக்கான சட்டப் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று பைடன் அரசே எழுதிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

ரஷ்யாவின் பக்கம் சாய்ந்ததா என்று கேட்டீர்கள். குறைப்பு அறிவித்து ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று, உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா இணைத்துக்கொண்டதைக் கண்டிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 143 நாடுகள் ஆதரித்தன. சவூதி அரேபியா அதில் ஒன்று. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ரஷ்யாவோடு சேர்ந்து குறைத்த நாடு ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தது. குறைப்பில் கையே வைக்காத நாம் ஒதுங்கி நின்றோம். எண்ணெயை வைத்து அணி பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. விலை இறங்காமல் நின்றதால் ரஷ்யாவுக்கு லாபம் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் சவூதி ரஷ்யாவை விட முடியாததற்குக் காரணம் வேறு. அது 1985-ல் கிடக்கிறது.

1980களின் தொடக்கத்தில் தேவை சரிந்தபோது, விலையைத் தாங்கிப் பிடிக்கச் சவூதி கிட்டத்தட்டத் தனியாளாகக் குறைத்துக்கொண்டே போனது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடி பீப்பாய் எடுத்த நாடு, 1985-ல் 25 லட்சத்துக்கு அருகே இறங்கியது. மற்ற ஒபெக் நாடுகள் ஒப்புக்கொண்ட அளவை மீறித் திருட்டுத்தனமாக விற்றன. வட கடலில் பிரிட்டனும் நார்வேயும் தங்கள் பாட்டுக்கு எடுத்துத் தள்ளின. குறைத்தவன் பட்டினி கிடக்க, குறைக்காதவர்கள் அவன் காப்பாற்றிய விலையில் சம்பாதித்தார்கள். பொறுமை இழந்த சவூதி குழாயைத் திறந்தது. 30 டாலரை ஒட்டியிருந்த விலை 1986-ல் 10 டாலர் பக்கம் விழுந்தது. கால் நூற்றாண்டு எண்ணெய் அமைச்சராக இருந்த யமானி அந்த அக்டோபரில் பதவி நீக்கப்பட்டார். தனியாகக் குறைக்கக் கூடாது என்ற பாடத்தை ரியாத் அன்று சூடுபட்டுக் கற்றது. அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகி 2014-ல் விலை மறுபடி சரிந்தபோது ஒபெக்கின் பலம் மட்டும் போதவில்லை. அதனால்தான் 2016 இறுதியில் ரஷ்யாவையும் மற்றவர்களையும் சேர்த்து ஒபெக் பிளஸ் உருவாயிற்று. பைடனைத் திருப்திப்படுத்த அந்தக் கூட்டை உடைத்தால், அடுத்த சரிவில் சவூதி மறுபடி தனியாக நிற்கும். உதவிக்கு டெக்சாஸ் வருமா?

டெக்சாஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கும் வித்தையை அரபு நாடுகள் கண்டுபிடிக்கவில்லை. 1930-ல் கிழக்கு டெக்சாஸில் பெரிய எண்ணெய் வயல் கிடைத்து, பீப்பாய் 10 சென்ட் வரை விழுந்தபோது, மாநில ஆளுநர் 1931-ல் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். அதன் பிறகு டெக்சாஸ் ரயில்வே ஆணையம் என்ற அமைப்பு, எந்தக் கிணறு எவ்வளவு எடுக்கலாம் என்று மாதாமாதம் அளந்து கொடுத்தது. பெயர்தான் ரயில்வே, வேலை எண்ணெய்க் கட்டுப்பாடு. 1970களின் தொடக்கம் வரை இது நடந்தது. பின்னாளில் வெனிசுவேலாவின் எண்ணெய் அமைச்சரான பெரெஸ் அல்ஃபோன்ஸோ நாடு கடந்து வாஷிங்டனில் வாழ்ந்த காலத்தில் இந்த ஆணையத்தை ஊன்றிப் படித்தார். 1960 செப்டம்பரில் பாக்தாதில் ஈரான், ஈராக், குவைத், சவூதி, வெனிசுவேலா ஐந்தும் சேர்ந்து ஒபெக்கைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்த மாதிரி அதுவே.

அரசியலுக்காகவே செய்த குறைப்பு என்றால் 1973-ஐத்தான் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் 17 அன்று குவைத்தில் கூடிய அரபு எண்ணெய் நாடுகள், ஆக்கிரமித்த நிலத்தை விட்டு இஸ்ரேல் வெளியேறும்வரை மாதம் 5 சதவீதம் குறைப்போம் என்று பகிரங்கமாக அறிவித்தன. இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் ராணுவ உதவி கேட்டு அமெரிக்க அதிபர் நிக்சன் நாடாளுமன்றத்துக்குப் போனதும், அமெரிக்காவுக்கு எண்ணெய் இல்லை என்று கதவை அடைத்தன. 3 டாலரை ஒட்டியிருந்த விலை 1974 ஜனவரியில் 11.65 டாலர். மார்ச்சில் தடையை விலக்கிக்கொண்டபோது இஸ்ரேல் சூயஸ் கரையிலிருந்து கொஞ்சம் பின்வாங்கியிருந்ததே தவிர வெளியேறவில்லை. ஏறிய விலை மட்டும் இறங்கவே இல்லை. அரபு நாடுகளின் பக்கம் நின்ற இந்தியா தடைப் பட்டியலில் கிடையாது; ஆனால் விலை உயர்வு நம்மையும் விடவில்லை. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். குறைப்பு யாரைக் குறிவைத்தாலும், அந்த மேஜையில் நாற்காலி இல்லாத ஏழை நாடுகள் மீதுதான் கடைசியில் விழுகிறது. 2022-ல் இலங்கையில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள், நின்ற இடத்திலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. கையில் டாலர் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒபெக் அல்ல, கொழும்பின் ஆட்சியாளர்கள். ஆனால் இருந்த சொற்ப டாலரையும் 100 டாலரைத் தாண்டிய பீப்பாய் விழுங்கியது.

நம் கதைக்கு வருவோம். தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நாம். 2021 மார்ச்சில் நம் பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் குறைப்பைத் தளர்த்தும்படி ஒபெக்கைக் கேட்டார். போன ஆண்டு மலிவாக வாங்கி வைத்தீர்களே, அதை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று சவூதி எரிசக்தி அமைச்சர் அப்துல் அஜீஸ் பின் சல்மான் பதில் சொன்னார். நட்பு நாடு பேசும் பேச்சா என்று இங்கே கொதித்தார்கள். எனக்கும் அந்தப் பதில் உறைத்தது. ஆனால் தகவல் உண்மை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் சராசரி 19 டாலருக்கு 1.67 கோடி பீப்பாய் வாங்கி விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலவறைகளை நிரப்பியிருந்தோம். நல்ல காரியம், பாராட்டுகிறேன்.

அந்த மலிவு விலை உங்கள் வண்டிக்கு வந்ததா? வரவில்லை. 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியை உயர்த்தியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ.19.98 ஆக இருந்தது ரூ.32.98 ஆயிற்று, டீசலுக்கு ரூ.15.83 ஆக இருந்தது ரூ.31.83. உலகச் சந்தை தரையில் கிடந்த மாதங்களில் நம் பங்க்கில் விலை இறங்காததற்கு எந்த இளவரசரும் காரணம் இல்லை. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சவூதிக்கும் இந்த ஆயுதம் இனித்துவிடவில்லை. 2023 மே மாதத்தில் 5 லட்சம், ஜூலையில் மேலும் 10 லட்சம் பீப்பாய் என்று தானாகவே குறைத்து 90 லட்சத்துக்கு வந்தது. விட்ட இடத்தை அமெரிக்காவும் பிரேசிலும் கயானாவும் பிடித்தன. ஒதுக்கீட்டுச் சண்டையில் அங்கோலா ஒபெக்கை விட்டே வெளியேறியது. 2025 ஏப்ரலிலிருந்து சவூதியும் கூட்டாளிகளும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தொடங்கினார்கள்.

1973 அடிக்குப் பிறகு பணக்கார நாடுகள் 1974-ல் சர்வதேச எரிசக்தி முகமையை உருவாக்கி, ஒவ்வொரு உறுப்பு நாடும் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்துகொண்டன. நம் நிலவறைகள் மூன்றும் நிரம்பினால் கொள்ளளவு 53.3 லட்சம் டன். எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பைச் சேர்க்காமல் பார்த்தால் ஒன்பது, பத்து நாள் தேவைக்குத்தான் வரும். ஒடிசாவின் சண்டிகோலிலும் கர்நாடகத்தின் பாதூரிலும் இன்னும் 65 லட்சம் டன்னுக்கு நிலவறை அமைக்க 2021-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை தொகுதிக்கு வரும்போது, சண்டிகோலில் எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.