ஓடும் காரில் இன்ஜின் அணைகிறது, சாவிக்கொத்துதான் காரணம் என்கிறார்கள். வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். என் மனைவி பெயரில் 14 மாதங்களுக்கு முன்பு கோவையில் ஒரு டீலரிடம் கார் வாங்கினோம். விலை ஒன்பது லட்சத்துச் சொச்சம். வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். இதுவரை 16,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆறாவது மாதமே சாவி இக்னிஷனில் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஸ்பிரே அடித்து அனுப்பினார்கள். அப்புறம் காலை நேரத்தில் சாவி திரும்பவே மறுத்தது. மறுபடியும் ஸ்பிரே. போன மாதம் பெருந்துறை தாண்டி பைபாஸில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி அப்படியே அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது, பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன். இப்போது லாக் செட் முழுதாக மாற்ற வேண்டும், 11,800 ரூபாய் ஆகும், சாவிக்கொத்து கனமாக இருந்ததால் வாரண்டியில் வராது என்கிறார்கள். வெளியே ரிவர்ஸ் கேமரா பொருத்தியதையும் குறை சொல்கிறார்கள். புது கார் கேட்டு வழக்குப் போட முடியுமா? இல்லை, பணத்தைக் கட்டி மாற்றிவிடலாமா? வழக்கு என்றால் கோவைக்கு அலைய வேண்டுமா?
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சட்டத்துக்குப் போகும் முன் ஒன்று. அந்தக் காரை இப்போதைக்கு ஓட்டாதீர்கள். ஓட்டத்தில் இக்னிஷன் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் ஓரிரு மிதிகளுக்கு மேல் தாங்காது. மோதல் நேர்ந்தால் ஏர்பேக் விரியும் என்ற உறுதியும் இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டு டோ செய்து அனுப்புங்கள். உயிருக்குப் பாதுகாப்பு. கூடவே, "இன்ஜின் அணைகிறது" என்று நீங்கள் சொன்ன தேதியும் நேரமும் அவர்களுடைய பதிவிலேயே ஏறிவிடும்.

புது கார் கேட்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இப்படிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் 2006-ல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ கொடுத்த வாக்குறுதி, அதை வைத்து முழுக் காரையே மாற்றிக் கேட்க முடியாது என்றது. வண்டியில் அடிப்படையான உற்பத்திக் குறை இருப்பதைச் சுயேச்சையான நிபுணர் சொன்னால் கதை வேறு. 2010-ல் சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், நிபுணர் அப்படிக் கருத்துச் சொன்னால் வட்டியோடு விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டியில் கெட்டிருப்பது ஒரு பாகம். மாற்றினால் சரியாகும் என்று அவர்களே சொல்கிறார்கள். புது கார் கேட்டால் வழக்கு முழுக்க "இது உற்பத்திக் குறையா" என்ற கேள்வியைச் சுற்றி வருடக்கணக்கில் சுழலும். லாக் செட்டை இலவசமாக மாற்று, அலைச்சலுக்கும் அபாயத்துக்கும் இழப்பீடு கொடு என்று கேட்டால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

ஓங்கியிருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்களை, எடுத்துப் பாருங்கள். முதல் முறை "கீ டைட்" என்று எழுதியிருப்பார்கள். அடுத்த முறை "கீ ஃப்ரீ செய்யப்பட்டது". மூன்றாவதில், நான் பார்த்த வரை இது பழக்கமான வாசகம், "சோதித்ததில் குறை தென்படவில்லை". தனித்தனியாகப் படித்தால் சாவி கொஞ்சம் முரண்டு பிடித்தது, சரிசெய்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் அணைந்தது என்ற செய்தி எங்கேயும் இருக்காது. சர்வீஸ் அட்வைசர் நீங்கள் சொல்வதை எழுத மாட்டார், தன் கம்ப்யூட்டரில் இருக்கும் தலைப்புக்கு ஏற்றபடி சுருக்குவார். அதன் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அந்தக் கையெழுத்தைத்தான்.

ஆகவே இந்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், எந்த வேகம், பள்ளத்தில் இறங்கியதும் டேஷ்போர்டு விளக்கு அணைந்ததா, சாவி எந்த நிலையில் இருந்தது, மறுபடி எப்படி ஸ்டார்ட் ஆனது. கூடவே "ஆறாவது மாதத்திலிருந்து தொடரும் அதே இக்னிஷன் லாக் புகார்" என்ற வரியைச் சேருங்கள். எழுத விடவில்லையா? அன்றைக்கே அதே விவரத்தை டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் எவ்வளவு பேசினாலும் அது காற்றோடு போகும்.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்றால், இக்னிஷனில் இரண்டு பகுதிகள் உண்டு. சாவி நுழையும் லாக் சிலிண்டர் ஒன்று, அதற்குப் பின்னால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் இன்னொன்று. சாவி மாட்டுவது சிலிண்டர் கோளாறு, வண்டி அணைவது ஸ்விட்ச் கோளாறு, இரண்டும் வேறு வேறு என்று வாதம் வரும். சாவியைத் திருப்பும்போது இரண்டும் ஒன்றாகத்தான் அசைகின்றன, மாற்றப் போவதும் ஒரே செட்டாகத்தான். முதல் புகார் வாரண்டி காலத்துக்குள் பதிவாகி, அதே கோளாறு தொடர்கிறது என்பது காகிதத்தில் இருந்தால், இடையில் வாரண்டி முடிந்தாலும் அவர்கள் கை கழுவ முடியாது.

இனி சாவிக்கொத்து. இந்தச் சாக்கு புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கோபால்ட் உள்ளிட்ட கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் போதிய இறுக்கமில்லாமல் இருந்ததால், குலுங்கினாலோ சாவிக்கொத்து இழுத்தாலோ ஓட்ட நிலையிலிருந்து நழுவி இன்ஜின் அணையும், ஏர்பேக்கும் விரியாது. 2005-லேயே நிறுவனம் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சாவிக்கொத்தில் தேவையில்லாததைக் கழற்றச் சொல்லுங்கள் என்பதுதான் அதில் இருந்த வைத்தியம். 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. நிறுவனமே அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு குற்ற வழக்கை முடித்துக்கொள்ள 90 கோடி டாலர் கட்டினார்கள். உங்கள் காருக்கும் அந்தக் கார்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் சாவிக்கொத்தின் கனத்தைத் தாங்காத ஸ்விட்ச் யாருடைய குறை என்ற கேள்வியை அந்த விவகாரம் நன்றாகவே கேட்டுவிட்டது.

உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலையும் வாரண்டி புத்தகத்தையும் வரிவரியாகப் படியுங்கள். சாவியோடு இவ்வளவு எடைக்கு மேல் மாட்டக்கூடாது என்று எங்காவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்த வாதம் நிற்காது. இருந்தால் கொஞ்சம் சிக்கல்தான், அப்போதும் கனத்தால்தான் கெட்டது என்று காட்டும் பொறுப்பு, வாரண்டியில் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவருடையது. உங்கள் சாவிக்கொத்தை அப்படியே எடை மெஷினில் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டுச் சாவியும் ஒரு பிள்ளையார் டாலரும்தான் என்றால் அந்தப் படம் பேசும். கடைச் சாவி, பீரோ சாவி, கேட்டுச் சாவி என்று கால் கிலோ தொங்குகிறது என்றால், சரி, இனியாவது கழற்றிவிடுங்கள்.

ரிவர்ஸ் கேமராவுக்கும் இதே தர்க்கம்தான். வெளியே வயரிங்கை வெட்டி ஒட்டினால் அந்த மின்சுற்றுக்கு வாரண்டி போகும் என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. கேமராவுக்குப் பின்பக்க ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் அதற்கும் சாவி துவாரத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். இக்னிஷன் வயரிலிருந்தே எடுத்திருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். பொருத்திய கடைக்காரரிடம் எங்கிருந்து இணைப்பு எடுத்தார் என்று விசாரித்துவிட்டு மேலே பேசுங்கள்.

பணம் கட்டலாமா? வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால் கட்டுங்கள். ஆனால் எஸ்டிமேட்டிலும் இன்வாய்ஸிலும் "வாரண்டியில் செய்ய வேண்டிய வேலை, ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். திருப்திக் குறிப்பு என்று ஒரு தாளை நீட்டுவார்கள், அதிலும் அதே வரி. வாரண்டியை ஏன் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை வீம்புக்கு அங்கேயே விட்டுவிட்டு வருவதை மட்டும் செய்யாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிங் வாடகை கேட்டு டீலர் நோட்டீஸ் விடுவார்.

கழற்றிய பழைய லாக் செட் விஷயத்தில் கவனம். அமெரிக்க விவகாரத்தை வெளிக்கொண்டு வந்ததே ஒரு பழைய பாகம்தான். 2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் விபத்தில் இறந்த ஓர் இளம் செவிலியரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்புப் பொறியாளர் அந்தக் காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புது ஸ்விட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். பாக எண் ஒன்றே, ஆனால் புதியதில் உள்ளே இருக்கும் சிறு தண்டு நீளமாக இருந்தது. நிறுவனம் எண்ணை மாற்றாமல் பாகத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றியிருந்தது. நீங்கள் பணம் கட்டி மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் அது கம்பெனிக்குப் போகும். அப்படியானால் பாக எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, பாகத்தை அழிக்காமல் வைத்திருக்கும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். சிலிண்டரை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று சுமக்க நேரிடும். முழு செட் கேளுங்கள். புது சாவிகள் இரண்டையும் வாங்கி, சாவி மாற்றிய விவரம் இன்வாய்ஸில் வருகிறதா என்று பாருங்கள். நாளைக்குக் கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளை.

வழக்குக்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனாலும் பல பெரிய கம்பெனிகள் அங்கே வரும் புகாருக்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன, டீலரைத் தாண்டி மேலிடத்துக்குப் போக அது ஒரு வழி. கூடவே கார் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளும் பாதுகாப்புக் குறை உள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகின்றன. ரீகால் இருந்தால் இத்தனை வாதமும் தேவையில்லை, இலவசமாக மாற்றியே ஆக வேண்டும்.

எதுவும் நடக்கவில்லையா, டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் பதில் போடாமல் இருந்தால் அதுவே உங்களுக்கு உதவும். வழக்கில் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். வாரண்டி கொடுத்தது உற்பத்தியாளர், மறுத்தது டீலர். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார்.

கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, வாங்கியபோது கொடுத்த விலையை வைத்துத்தான் ஆணையத்தின் வரம்பு கணக்கிடப்படும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 முதல் 10 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்கள் முதல் புகாரே எட்டு மாதம் பழையது என்பதால் அதிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், கடைசி மறுப்பிலிருந்துதான் கணக்கு என்று நம்பி உட்கார வேண்டாம்.

எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிக்கலாம். பாகத்தைச் சோதனைக்கு அனுப்ப 38-வது பிரிவில் மனு போடலாம், செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை உள்ள வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஜாப் கார்டுகளும் பெருந்துறைச் சம்பவ விவரமும் ஒழுங்காக இருந்தால் சோதனை இல்லாமலே சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை ஸ்பிரே அடித்து அனுப்பியதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கார் உங்கள் மனைவி பெயரில் இருப்பதால் புகார்தாரர் அவரே. மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். வண்டியை ஓட்டியது நீங்கள் என்பதால் பைபாஸில் நடந்ததை உங்கள் பெயரில் தனிப் பிரமாணப் பத்திரமாகச் சேருங்கள். அவர் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தோடு வாய்தாவுக்கு நீங்களே போகலாம்.