நீச்சல் குளத்துப் பம்பு மோட்டார் பழுதானால் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோவளம் கடற்கரையை ஒட்டிச் சிறு விடுதி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் பம்பு, வயது ஆறு. சில வாரங்களாகக் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது சுவிட்சைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றான காயிலைப் புதிதாகக் கட்டும் கடைக்காரர் ‘கட்டிவிடலாம்’ என்கிறார், பம்பு விற்பவர் ‘மாற்றிவிடுங்கள்’ என்கிறார். இருவர் மீதும் குறையில்லை, அவரவர் கடையில் இருப்பதைச் சொல்கிறார்கள்.

நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு கடலோர விடுதிகளிலும் தோட்ட வீடுகளிலும் குளப் பம்புகளைப் பார்த்துக்கொள்பவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரீஷியன் யாராவது பிரேக்கரைத் தாண்டி நேரடியாக லைன் கொடுத்துத் தற்காலிகமாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் அனுமதிக்காதீர்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர், தண்ணீரில் இறங்குபவரின் உயிரைக் காக்கத்தான் இருக்கிறது. அது விழுகிறது என்றால் மோட்டாரின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறது என்று பொருள்.

இனி விஷயத்துக்கு வருவோம். மோட்டார் எரிந்துவிட்டது என்பார்கள், ஆனால் குளப் பம்பு பெரும்பாலும் தானாக எரிவதில்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் மோட்டாருக்கும் இடையில், நீர் உள்ளே போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் முதலில் தேய்கிறது. குளோரின் கலந்த நீர் சொட்டுச் சொட்டாக, சுழலும் தண்டான ஷாஃப்ட் வழியே முன்பக்க பேரிங்குக்குள் போகிறது. கிரீஸ் கரைந்து, பேரிங் துருப்பிடித்துச் சத்தம் போடுகிறது. அதன் பிறகும் ஓட்டினால் ஈரம் காயிலை எட்டுகிறது. உங்கள் மோட்டார் போட்ட சத்தமும், இப்போது விழும் பிரேக்கரும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். சத்தம் வந்த வாரமே கழற்றியிருந்தால் இரண்டு பேரிங், ஒரு சீல், கூலி என்று முடிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேரிங் மாற்றும்போது சீலையும் மாற்றுங்கள். பழைய சீலை வைத்தே மூடினால் புது பேரிங்குக்கும் அதே கதிதான்.

சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் அது வேறு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிது போட்டாலே ஓடிவிடும். இதற்காக மோட்டாரையே மாற்றிய விடுதிகள் உண்டு.

உங்கள் மோட்டாரைத் திறந்ததும் காயிலைப் பார்க்கும் முன் ஷாஃப்டைப் பாருங்கள். காயில், பேரிங், சீல், கெப்பாசிட்டர் எல்லாம் காசு கொடுத்தால் புதிதாகக் கிடைப்பவை. ஷாஃப்டும் வெளி உடம்பும் பேரிங் உட்காரும் குழியும் அப்படியல்ல. சீல் பிடிக்கும் இடத்தில் ஷாஃப்டில் நகத்தை ஓட்டினால் குழி தட்டுகிறதா? பேரிங் சுத்தியல் இல்லாமல் விரலாலேயே குழிக்குள் வழுகிப் போகிறதா? கால் போல்ட் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து, சுரண்டினால் அலுமினியம் மாவாக உதிர்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே நான் காயில் கட்டச் சொல்லமாட்டேன். லேத்தில் கொடுத்துப் புஷ் (உலோக வளையம்) போட்டுச் சரிசெய்யலாம், நாகர்கோவிலில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் 1.5 எச்.பி. மோட்டாருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

அடுத்தது ஊர். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஓடும் மோட்டாரும் கோவளத்தில் ஓடும் மோட்டாரும் ஒன்றல்ல. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் உப்புக் காற்று விசிறி வழியாகவே மோட்டாரின் மேல் அடிக்கிறது. துலாமாத (ஐப்பசி) மழையில் பள்ளத்தில் கட்டிய பம்பு அறைக்குள் தண்ணீர் நிற்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பெருமைப்படுகிறோம், மோட்டாருக்கு அது இரட்டைத் தண்டனை. ஆகவே புது மோட்டாரின் விலையில் பாதிக்குள் முழுப் பழுதும் முடிந்தால், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் சரிசெய்வேன். கடலோரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே யோசிப்பேன். மழைநீரில் மூழ்கியது மட்டும்தான் குறை என்றால் எங்கிருந்தாலும் சரிசெய்யலாம். ஓட்டிப் பார்க்காமல் கழற்றி, காயிலை நன்றாக உலர்த்தி, வார்னிஷ் போட்டு, பேரிங்கையும் மாற்றினால் போதும். மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் ஒரு மெகாஓம் கூடக் காட்டாதவரை திரும்ப மாட்டக் கூடாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மாற்றுவதே நல்லது. ஆனால் மோட்டாரை மட்டும். முன்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பகுதி, குப்பைக் கூடை, இம்பெல்லர் ஆகியவை வெடிப்பில்லாமல் இருந்தால் அவற்றை ஏன் தூக்கி எறிய வேண்டும்? ஷாஃப்ட் அளவும் முகப்பு போல்ட் இடைவெளியும் பொருந்தும் மோட்டாரை, இம்பெல்லரைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்து வாங்குங்கள். ஐபி55 (தூசும் நீர்ப்பீச்சும் தாங்கும் மூடி), கிளாஸ் எஃப் (சூடு தாங்கும் காயில் காப்பு) என்று பெயர்த்தகட்டில் இருக்கட்டும்.

கடைக்காரர் ‘2 எச்.பி.யாகப் போட்டுவிடுங்கள்’ என்பார். வேண்டாம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 70,000 லிட்டர் நீர் இருக்கும். அதை ஆறு மணி நேரத்தில் ஒருமுறை சுழற்ற மணிக்குச் சுமார் 11,700 லிட்டர் போதும். மணல் ஃபில்டருக்கு அது தாங்கும் வேகத்துக்கு மேல் தண்ணீரைத் தள்ளினால் அழுக்கு பிடிபடாமல் குளத்துக்கே திரும்பும், மின்கட்டணமும் ஏறும். இப்போதே உங்கள் 1.5 எச்.பி. மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 360 யூனிட். வருடம் முழுவதும் விருந்தினர் வருகிறார்கள் என்றால், வேகம் மாற்றக்கூடிய பம்பின் விலையையும் விசாரித்துப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் நீர் பாதியாகும், மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. இருமடங்கு நேரம் ஓட்டினாலும் மிச்சம் இருக்கும். ஆனால் அதன் எலெக்ட்ரானிக் போர்டும் உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். மூடிய, காற்றோட்டமுள்ள அறை இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

இல்லை, காயில்தான் கட்டப்போகிறேன் என்றால், திரும்ப மாட்டியதும் சுற்றும் திசையைப் பார்த்துவிடுங்கள். இணைப்பு மாறி எதிர்த்திசையில் சுற்றினாலும் தண்ணீர் கொஞ்சம் வரும், அதனால் பலர் கவனிப்பதில்லை. மரை போட்ட இம்பெல்லர் என்றால் கழன்றே போய்விடும். பிறகு கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். பெயர்த்தகட்டில் உள்ளதைவிட ஏறினால் கடைக்காரர் முன்னிலையிலேயே நிறுத்துங்கள். ஆசிட் கேனும் குளோரின் வாளியும் அந்த அறையில் இருந்தால் இரண்டையும் வெளியேற்றித் தனித்தனி இடத்தில் வையுங்கள். அவற்றின் ஆவியே செம்பையும் இரும்பையும் தின்றுவிடும், ஒன்றோடொன்று கலந்தால் வரும் வாயு ஆளையே சாய்த்துவிடும்.